சாயாமல் பிடிக்கிற கம்பி

சந்தியோகு காருக்கடியில் படுத்தபடி கையை மட்டும் வெளியே நீட்டினான். உள்ளங்கையில் ஒரு சாண் இரும்புத் துண்டு இருந்தது. முறிந்த வாய் துருவேறிக் கறுத்திருந்தது. ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவு வெளுப்பு.

"கன நாளா வெடிச்சுக் கிடந்திருக்கு அண்ணை. இண்டைக்குத்தான் முழுசா விட்டிருக்கு."

ட்றைவர் நாகலிங்கம் பழைய டயரொன்றில் குந்தியிருந்து வலது தோளை உருவிக்கொண்டிருந்தார். வல்லை வெளியில் காற்று இடித்தபோது கார் ஒருபக்கம் சரிந்து, நிமிர மறுத்தது. நெல்லியடிக் கராச் வரைக்கும் ஸ்டியரிங்கை இழுத்துப் பிடித்தே கொண்டுவந்து சேர்த்திருந்தார். முன்சில்லுகள் இரண்டையும் கீழால் இணைத்து, வளைவுகளில் காரைச் சாயாமல் பிடிக்கிற கம்பி அது.

சண்டையில் பாதை அடைபட்டு இரண்டு வருடம். கொழும்பிலிருந்து காருக்கென்று ஓர் ஆணிகூட வருவதில்லை. மண்ணெண்ணெயில் ஆட்களை ஏற்றி ஓடும் அந்தக் கேம்பிறிட்ஜ் காரும் இன்னொரு காரும் ஆழ்வாப்பிள்ளையுடையவை. சந்தையில் பலசரக்குக் கடையும் அவருக்கு இருந்தது. பின்னேரம் கராச்சுக்கு வந்தவர் சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலை மட்டும் நிலத்தில் ஊன்றிக்கொண்டு முறிந்த துண்டைப் பார்த்தார்.

"கொம்பனிச் சாமானோ, அடிச்ச சாமானோ, அது உம்மடை பாடு நாகலிங்கம். திங்கக்கிழமை கார் ஓடவேணும். ஓடாட்டில் நான் வேறை ஆளைப் பாக்கிறன்."

கோபமாகச் சொல்லவில்லை. அரிசி விலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டு மிதித்துப் போனார். கார் ஓடினால்தான் நாகலிங்கத்துக்குக் கூலி.

சந்தியோகு எழுந்து கையைச் சாக்கில் துடைத்தான். குருநகரில் படகு எஞ்சின் திருத்தியவன். கடலுக்குப் போகத் தடை வந்தபிறகு இங்கே வந்து கார் திருத்துகிறான்.

"ரெண்டு வழி இருக்கு அண்ணை. இணுவிலிலை ஒரு டொக்டற்றை வீட்டிலை இதே மாதிரிக் கார் நிக்குது. அவையள் கனடாவுக்குப் போட்டினம். அதிலை கொம்பனிக் கம்பி கிடக்கும். இல்லாட்டில் ஏரம்பண்ணை லொறி அக்சிலை உலையிலை காய்ச்சி அடிச்சுத் தருவார்."

"எது நல்லது?"

"கொம்பனிக் கம்பி முறுகிப்போட்டுத் திரும்பி வரும். அடிச்ச கம்பி முறுகுமோ முறியுமோ எண்டு ஓடித்தான் பாக்கவேணும்."

சனிக்கிழமை விடியவே நாகலிங்கம் சைக்கிளில் இணுவிலுக்குப் போனார். துருப்பிடித்த நட்டுகளை இளக்க அரைப்போத்தல் மண்ணெண்ணெயும் இரண்டு ஸ்பனரும் பையில் இருந்தன. டொக்டர் வீட்டின் பின்னறையில் செல்வநாயகி என்ற பெண் குடியிருந்தாள். காங்கேசன்துறையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவள். வாடகை இல்லை, வீட்டையும் காரையும் பார்த்துக்கொள்ளவேண்டும். அவளுடைய கணவன் பாரிசவாதத்தில் விழுந்து, கதவை நோக்கியபடி பாயில் கிடந்தார்.

நாகலிங்கம் வந்த விஷயத்தைச் சொன்னார். அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"கம்பி ஒண்டுதானே? கழட்டுங்கோ அண்ணை. எனக்குக் கொஞ்சம் மண்ணெண்ணெய் தந்தியளெண்டால் போதும். இரவிலை இவரைத் திருப்பிப் படுக்கவைக்க விளக்கில்லை. முதுகெல்லாம் புண்."

கார் நான்கு கல்லில் நின்றது. தூசி தட்டித் துணி போர்த்தியிருந்தாள். நாகலிங்கம் மல்லாந்து உள்ளே புகுந்தார். கம்பி முழுதாக இருந்தது. கம்பனியில் பூசிய கறுப்புக்கூட உரியவில்லை. விரலால் ஒருதரம் தடவிப் பார்த்தார். முதல் நட்டில் ஸ்பனரைப் போட்டார். எதிர்பார்த்ததைவிட இலகுவாக அது அசைந்து கொடுத்தது.

"டொக்டற்றை ஆக்கள் ஒருத்தரும் வந்து பாக்கிறேல்லையோ?" கீழே கிடந்தபடியே கேட்டார்.

"டொக்டற்றை மச்சான் மாதக் கடைசியிலை வருவார். ரோச்லைற் அடிச்சுக் கீழையும் பாப்பார். எங்களுக்கு முதல் இருந்த சனத்தை, பக்கக் கண்ணாடி ஒண்டு காணேல்லையெண்டு வீட்டை விட்டு எழுப்பிப்போட்டவர்."

"பிறகென்னெண்டு தாறியள்?"

காருக்கும் நிலத்துக்கும் இடையில் அவளுடைய வெறுங்கால்கள் மட்டும் தெரிந்தன. குதிக்கால் வெடிப்புகளில் செம்மண் அப்பியிருந்தது. அறையிலிருந்து அந்த மனிதர் எதையோ கேட்டு முனகினார். கால்கள் அந்தப் பக்கம் திரும்பின. பிறகு மறுபடியும் காரை நோக்கி வந்தன.

நாகலிங்கம் ஸ்பனரை மறுபக்கம் திருப்பினார். நட்டை முன்பிருந்ததைவிட இறுக்கமாகப் பூட்டிவிட்டு வெளியே வந்தார்.

"நட்டு இளகுதில்லை தங்கச்சி. துரு சாப்பிட்டுப்போட்டுது. வெட்டித்தான் எடுக்கவேணும்."

அரைப்போத்தல் மண்ணெண்ணெயைப் படியில் வைத்தார். "உது சைக்கிளிலை சிந்துது. நீங்களே வைச்சிருங்கோ."

ஞாயிறு முழுவதும் கொல்லர் ஏரம்புவின் உலையடியில் நின்று துருத்தி இழுத்தார். லொறி அக்சில் சிவந்து, அடிபட்டு, நீண்டு, நாலு தரம் வளைந்தது. பழைய கம்பியைவிட இது தடிப்பு. இதைவிட மெல்லிதாக இழுத்தால் வெடிக்கும் என்றார் ஏரம்பு. ரப்பர் புஷ்களை லொறி டயரில் வெட்டினார்கள். சந்தியோகு அதைப் பூட்டி முடித்து, காரின் மூலையை இரண்டு கையாலும் அமத்தினான். கார் அசையவில்லை.

"உதுதான் எனக்குப் பயம். கொஞ்சமெண்டாலும் வளைஞ்சு குடுக்கவேணும். ஆறு பேருக்கு மேலை ஏத்தாதேங்கோ அண்ணை."

திங்கட்கிழமை நெல்லியடிச் சந்தியில் பத்துப் பேர் ஏறினார்கள். மேலே நாலு மூட்டை வெங்காயம். ஆட்களை ஏற்றுவது ஆழ்வாப்பிள்ளையின் கடை ஆள். "ஆறு பேர்தான் ஏத்தலாம்" என்று நாகலிங்கம் சொன்னார். "அதை முதலாளியிட்டைச் சொல்லுங்கோ" என்று சொல்லிக் கதவை அடித்துச் சாத்தினான் அவன்.

ஒன்பது நாள் கம்பி தாங்கியது. பத்தாம் நாள், புத்தூருக்கு முன்னாலுள்ள வளைவில் துவக்கு வெடித்ததுபோல ஒரு சத்தம். ஸ்டியரிங் கையை உதறியது. கார் மெதுவாக, யோசித்து யோசித்து விழுவதுபோல, புகையிலைத் தோட்டத்து வேலியில் சரிந்தது. குணலட்சுமி என்ற பள்ளிக்கூட ரீச்சருக்குக் கை முறிந்தது. நாகலிங்கத்தின் நெற்றி கிழிந்தது. மூட்டை உடைந்து ரோட்டெல்லாம் வெங்காயம் உருண்டது.

அடுத்த நாள் கராச்சில் ஆழ்வாப்பிள்ளை முறிந்த கம்பியைக் காலால் புரட்டினார்.

"உலை இரும்பைப் பூட்டி ஆக்களை ஏத்தினீரோ? கொம்பனிச் சாமான் ஒரு இடமும் இல்லையோ?"

"திங்கக்கிழமைக்கு ஓடவேணுமெண்டு..."

"ஓடவேணுமெண்டன். கவிழ்க்கவேணுமெண்டு சொன்னனானோ? இணுவிலிலை ஒண்டு நிண்டதாமே. நீர் போய்ப் பாத்தனீராம்."

சந்தியோகு தலையைக் குனிந்துகொண்டு எஞ்சின் மூடியைத் துடைத்தான். நாகலிங்கம் நெற்றிக் கட்டைத் தொட்டுப் பார்த்தார். துணி காய்ந்து மயிரோடு ஒட்டியிருந்தது.

"பாத்தனான். நட்டு இளகேல்லை."

"நட்டு இளகேல்லையோ! முப்பது வருசமாக் கார் ஓடுற மனுசன். கார்த் திறப்பைத் தாரும்."

நாகலிங்கம் மடியை அவிழ்த்துத் திறப்பை எடுத்தார். ஆழ்வாப்பிள்ளை அதை வாங்கிச் சேட்டுப் பையில் போட்டுக்கொண்டு, "வேலி உடைஞ்ச தோட்டக்காரனுக்கு நீரே பதில் சொல்லும்" என்றார்.

அடுத்த மாதம் நாகலிங்கம் தென்மராட்சியிலிருந்து சைக்கிளில் விறகு கட்டி வந்து விற்கத் தொடங்கினார். பாரம் கூடினால் மிதிக்க முடியாது, தள்ளத்தான் வேண்டும். ஒருநாள் காலை புத்தூர் வளைவில் தள்ளிக்கொண்டு வந்தபோது, எதிரே நெல்லியடிப் பக்கமிருந்து மண்ணெண்ணெய்ப் புகையோடு அந்தக் கார் வந்தது. சைக்கிளை ஓரத்தில் நிறுத்தி, சரியாமல் இடுப்பை முண்டு கொடுத்துக்கொண்டு நின்றார்.

கார் மேடேறி வந்தபோது முன்சில்லுகளுக்கு இடையில் வெளிச்சம் தெரிந்தது. அங்கே கம்பி எதுவும் இல்லை. பிடிகளின் வெறும் ஓட்டைகள்தான் இருந்தன. கூரையில் மூட்டைகள். உள்ளே முந்தியதைவிட அதிகம் பேர்.

இடப்பக்கம் திரும்பும் அந்த வளைவு நெருங்கியதும் புது ட்றைவர் தலையைத் திருப்பிக் கத்தினான்.

"எல்லாரும் இடப்பக்கம் சாயுங்கோ!"

சொல்லி முடிக்குமுன்பே, பழகியவர்கள்போல, அத்தனை பேரும் சாய்ந்தார்கள். கூடையை அணைத்திருந்த கிழவி, அவளுக்குமேல் கண்ணாடி போட்ட ஒரு கிளார்க், அவருக்குமேல் இரண்டு பெண்கள். பின் ஜன்னலோரம் ஒரு தாய், மடியில் நித்திரையாய்க் கிடந்த பிள்ளையின் தலையை உள்ளங்கையால் ஏந்தி, அதையும் இடப்பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.