முக்குளிப்பானும் நான்கு குஞ்சுகளும்

ஏரிக்குப் பறவை பார்க்க வரும் குழுவில் அவள் கணவருக்குக் கொக்கு என்று பெயர். நீண்ட கழுத்து, நின்றால் நின்ற இடம்தான். கோடை முழுக்க ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஏரியைச் சுற்றி வந்து பதிவேட்டை நிரப்புவார்.

கடைசிக் கோடையில் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. பைனாகுலரை அவள் கழுத்தில் மாட்டிவிட்டு, "நீ போய்ப் பாரு, நான் எழுதிக்கறேன்" என்றார். ஐந்து வாரம் ஒழுங்காகப் போனாள். ஆறாவது வாரம், அவருடைய இருமலில் இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. வெயிலோ காலையிலேயே சுள்ளென்று அடித்தது. பாதி வழியில் அக்கா வீட்டுக்குள் நுழைந்து மின்விசிறிக்குக் கீழே படுத்தவள், விழித்தபோது மணி பத்து.

வெறுங்கையோடு போய் நிற்க மனம் வரவில்லை. அவருடைய புத்தகத்தில் பார்த்த படம் ஒன்று ஞாபகம் வந்தது. முக்குளிப்பான் முதுகில் குஞ்சுகளோடு நீந்தியது என்று அளந்துவிட்டாள். எத்தனை குஞ்சு என்றார். நான்கு என்றாள். அந்த ஏரியில் அது குஞ்சு பொரித்து இதுவரை யாரும் பார்த்ததில்லையாம். அன்று இரண்டு கரண்டி கூடுதலாகச் சாப்பிட்டார். பத்தே நாளில் போய்விட்டார்.

இப்போது குழுவின் செயலாளர், ஓய்வுபெற்ற தபால்காரர், அவள் வீட்டுக் கூடத்தில் அந்தப் பதிவேட்டை விரித்து வைத்திருந்தார். இந்த ஆண்டுப் பட்டியல் அச்சுக்குப் போகிறது, கொக்கின் கடைசிப் பதிவுக்குத்தான் முதல் பக்கம் என்றார்.

"படுத்துக்கிட்டே நம்ம எல்லாரையும் ஜெயிச்சுட்டான் பாரும்மா, பாவி."

அவள் பதிவேட்டின் மேல் கையை வைத்தாள்.

"அது வேண்டாம்ணே. அன்னைக்கு நான் ஏரிக்கே போகல."

தபால்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. பிறகு, ஓரத்தில் 'சந்தேகம்' என்று போட்டுவிடலாம், குழுவில் அது சகஜம், ஒருத்தரும் தோண்டிக் கேட்கமாட்டார்கள் என்றார்.

பதிவேட்டில் இருப்பது கணவரின் கையெழுத்து. சந்தேகம் என்று போட்டால் அவர் மேல்தான் விழும்.

பேனாவைக் கேட்டு வாங்கினாள். சாய்வான அந்த எழுத்தின் மேல் ஒரே கோடாக இழுத்தாள். பக்கத்தில் எழுதினாள்: 'பார்த்ததாகச் சொன்னவள் பார்க்கவில்லை. எழுதியவர் அவளை நம்பினார்.' கீழே தன் பெயரைப் போட்டாள்.

"இதையும் அப்படியே அச்சுல போடுங்கண்ணே" என்றாள், தலை நிமிராமல்.