சுவர் ஓரமாக நாற்பது கிலோமீட்டர்

விமான நிலையத்தின் பின்மதிலை ஒட்டிப் போகும் சாலையை மறித்துத் தகரத் தடுப்பு வைத்திருந்தார்கள். குழாய் பதிக்கும் வேலையாம். மாற்று வழியில் செல்லவும் என்று பலகை சொன்னது. பஸ் ஓட்டுநரான கணவர் சைக்கிளை விட்டு இறங்கி அதை மூன்று தரம் படித்தார். படித்தால் வழி திறந்துவிடுமா என்ன?

"கடைத்தெரு வழியா போயிடலாங்க. இதுக்குப் போய் ஏன் மூஞ்சி இப்படித் தொங்குது?" என்றாள் பின்னால் வந்து நின்ற மனைவி.

"வேணாம். வீட்டுக்குத் திரும்பிடலாம்."

"நாப்பது கிலோமீட்டர்னு நேத்தே ஆசை காட்டிட்டு பன்னெண்டுலயே திரும்பினா எப்படி? ஞாயித்துக்கிழமை தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு வந்திருக்கேன் சாமி. நான் வரல."

இருபத்திரண்டு வருடமாக அவர் இந்த நகரத்தில் பஸ் ஓட்டுகிறார். போன வருடம் தொப்பையைக் குறைக்கலாமே என்று பழைய சைக்கிள் ஒன்றை வாங்கியவர், ஊரைப் புதிதாகப் பார்க்க ஆரம்பித்தார். நிறுத்தம், சிக்னல், நிறுத்தம் என்று மட்டுமே தெரிந்த ஊருக்குள் இவ்வளவு காற்றும் நிழலும் எங்கே ஒளிந்திருந்தன? சனிக்கிழமை சாயங்காலமானால் வரைபடத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கொஞ்ச நாளாகக் கால்வாய்க்கரை, கிடங்குகளின் பின்புறம், தண்டவாளத்தின் ஓரம் என்று போன வழியிலேயே திரும்பாமல் ஒரு சுற்று வரவேண்டும் அவருக்கு. மனைவியும் அடம்பிடித்துச் சேர்ந்துகொண்டாள். நீர்த்தேக்கச் சரிவில் முதல் தடவை இறங்கியபோது அவள் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு "ஓய்ய்!" என்று கத்தினாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை அவர் கேட்டதே இல்லை. அன்றைக்கு அவர் சந்தோஷமாக இருந்தார்.

நான்கு மாதத்துக்கு முன்னால்தான் எல்லாம் கெட்டது. கண்ணில் ஏதோ உறுத்துகிறது என்று போனவரை, கண் மருத்துவர் ஒரு கருவிக்குள் தலையை நுழைக்கச் சொல்லி அரைமணி நேரம் பார்த்தார். "இடது கண்ணுல ஓரப் பார்வை போயிடுச்சு. போனது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்திக்கலாம். என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். "கடை வச்சிருக்கேன்" என்று அவர் வாய் தானாகவே சொல்லிவிட்டது. டிப்போவில் வருடாந்திரக் கண் சோதனைக்கு எழுத்துப் பலகை மட்டும்தான். கடைசி வரிவரை கடகடவென்று ஒப்பித்தார், அதுவும் நிஜமாகவே தெரிந்து. ஓரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லாமலிருப்பது பொய்யா? ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இதை அவர் தினமும் தனக்குள் வாதாடிக்கொண்டிருந்தார். சொன்னால், டிப்போ வாசலில் நோட்டை வைத்துக்கொண்டு வண்டி எண் குறிக்கிற நாற்காலிதான்.

மனைவி கடைத்தெருவுக்குள் திரும்பிவிட்டாள். வேறு வழியில்லாமல் அவரும் திரும்பினார். கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. அவர் பார்வைக்குத் தெரு அகலமாக, அமைதியாகவே இருந்தது. இருநூறு அடி போயிருப்பார். கைப்பிடியின் இடது முனை எதிலோ மாட்டி வெடுக்கென்று இழுத்தது. தடுமாறிக் காலை ஊன்றினால், நடைபாதையிலிருந்து இறங்கிய ஒருவர் தோள்பையோடு கீழே உட்கார்ந்திருந்தார்.

"யோவ்! கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

"மன்னிச்சுக்கோங்க சார், பாக்கல."

"எப்படிய்யா பாக்காம இருப்ப? மலை மாதிரி நிக்கிறேன்!" மனிதர் முழங்கையைத் தடவிக்கொண்டு, திட்டிக்கொண்டே போனார். நல்லவேளை, அடி இல்லை.

மனைவி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அருகில் வந்தாள். கணவரின் முகத்தையே பார்த்தாள்.

"கால்வாய். கிடங்குச் சுவர். தண்டவாள வேலி. இன்னிக்கு இந்த மதில்" என்றாள். "நாலு மாசமா நீங்க தேடிப் பிடிக்கிற வழியெல்லாம் இடப்பக்கம் மனுஷனே வரமுடியாத வழியாத்தான் இருக்கு. இல்ல?"

அவர் பெடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணுல தினம் விடறது தூசிக்குப் போடற சொட்டு மருந்துன்னீங்களே?"

"நடுவுல எல்லாம் நல்லா தெரியுது. ஓரம்தான் கொஞ்சம்..."

"நாளைக்கு எத்தனை மணிக்கு வண்டி?"

"அஞ்சே முக்கால்."

அழுவாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். "ஓட்டுங்க. நான் உங்க இடப்பக்கமா, கொஞ்சம் பின்னாடியே வரேன். அங்க இருக்கறதெல்லாம் சொல்றேன், கேட்டுக்கிட்டே வாங்க."

குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்ப்பவள். தெருவைக் கடக்கும்போது தலைகளை உரக்க எண்ணிப் பழகிய குரல் அது.

"தள்ளுவண்டி. கூடையோட ஒரு அம்மா. நாய் ஒண்ணு, படுத்திருக்கு. ரெண்டு பசங்க, கையைக் கோத்துக்கிட்டு. ஊன்றுகோல் வச்ச பெரியவர், இறங்கலாமா வேணாமான்னு நிக்கிறார். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பொண்ணு, மாசமா இருக்கு."

வேண்டுமென்றே அளக்கிறாள் என்று அவருக்குக் கோபம் வந்தது. கழுத்தை வெட்டித் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் நின்றிருந்தாள், கை நீட்டினால் தொடும் தூரத்தில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"இவ்வளவு பேரா?"

"பாதிகூடச் சொல்லல. சைக்கிளோட ஒரு சின்னப் பொண்ணு. பாட்டில் பெட்டி தூக்கறவர். அவர் பின்னால ஒருத்தர்."

கொஞ்ச தூரம் அப்படியே போனார்கள். அப்புறம் அவர் மெதுவாக, முன்னால் பார்த்தபடியே சொன்னார்: "நாளைக்கு ஒரு நாள் மட்டும் போயிட்டு வந்துடறேன். செவ்வாய்க்கிழமை நானே டிப்போவுல சொல்லிடறேன்."

குரல் நின்றுவிட்டது.

"என்ன? யாரும் இல்லையா?"

அவளுடைய சைக்கிள் சங்கிலி சுற்றும் சத்தம் மட்டும் கூடவே வந்தது. யாரும் இல்லாததால் சொல்லவில்லையா, இருந்தும் சொல்லவில்லையா? நாளைக்கு ஐந்தே முக்கால் வண்டியில் இதை யார் சொல்வார்கள்? இரண்டு சுற்று மிதித்தார். மூன்றாவது சுற்றுக்குக் கால் எழவில்லை. இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்து, நடுத்தெருவிலேயே காலை ஊன்றி நின்றார். பின்னால் வந்த வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஹாரன் அடித்தன. அவர் இடப்பக்கம் திரும்பவுமில்லை, பிரேக்கை விடவுமில்லை.