நம்பர் அழிந்த பாட்டில்கள்

உத்திரமேரூர் பஜார் தெருவில் டாக்டர் வேதாசலத்தின் ஹோமியோபதி கிளினிக்கில் பதினான்கு வருஷம் மருந்து கட்டிக் கொடுத்தவள் நான். ஹோமியோபதி வேலை செய்யுமா செய்யாதா என்று டிவியில் நாலு பேர் கோட்டு போட்டுக்கொண்டு கத்துவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்களுக்கென்ன, விளம்பரம் வந்ததும் எழுந்து டீ குடிக்கப் போவார்கள். எனக்கு அந்த விவாதம் என் அக்காவின் மார்பில் ஒரு கட்டியாக இருந்தது.

என் வேலை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. டாக்டர் சீட்டில் ஒரு நம்பர் எழுதுவார். அலமாரியில் அந்த நம்பர் ஒட்டிய பாட்டிலை எடுத்து, டப்பியில் இருக்கும் காலிச் சர்க்கரை உருண்டைகள் மேல் நாலு சொட்டு விட்டு, குலுக்கி, மூடி, வேளைக்கு நாலு உருண்டை என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். எல்லா பாட்டிலிலும் தண்ணீர் மாதிரி ஒரே திரவம், ஒரே ஸ்பிரிட் வாசனை. மருந்தின் பெயர் வெளியே தெரியக்கூடாது என்பது டாக்டரின் வழக்கம். அதனால் பாட்டிலில் நம்பர் மட்டும்தான் இருக்கும், அவர் கையாலேயே இங்க் பேனாவில் எழுதியது.

டாக்டர் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லும்போதே எரிச்சலாக இருக்கிறது. கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு வசதி! திட்டிவிட்டுப் போய்த் தூங்கலாம். அவர் இல்லாதவர்களிடம் காசு வாங்கமாட்டார். குழந்தை அழுதால் தானும் கண் கலங்குவார். தன் மருந்தை முழு மனசோடு நம்பினார்.

அக்கா சொக்கம்மாள் என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அம்மா போன பிறகு எனக்குத் தலை வாரிவிட்டு, ஸ்கூலுக்கு அனுப்பி, கல்யாணமும் பண்ணி வைத்தவள் அவள்தான். திருமுக்கூடலில் வாழ்க்கைப்பட்டாள். மாமா தாண்டவராயனுக்கு ஆற்றோரம் இரண்டு ஏக்கர் நெல். ஒரே மகன் சிவகுமார். அவனுக்கு ஐந்து வயதில் இளைப்பு வந்து, ராத்திரியெல்லாம் மூச்சு விடத் திண்டாடுவான். டாக்டர் இரண்டு வருஷம் உருண்டை கொடுத்தார். இளைப்பு நின்றது. அன்றிலிருந்து அக்காவுக்கு அவர் டாக்டர் இல்லை, தெய்வம்.

ஆனி மாதம் ஒரு நாள் கிளினிக்கின் பின்கட்டுக்கு என்னை இழுத்துக்கொண்டு போய் அக்கா கட்டியைக் காட்டினாள். சுண்டைக்காய் அளவு இருந்தது.  உடனே டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் முகமும் மாறிவிட்டது. முதலில் காரப்பேட்டைக்குப் போய் டெஸ்ட் எடும்மா, அதுவரைக்கும் இதைச் சாப்பிடு என்று சொல்லி ஒரு நம்பரை எழுதினார்.

எங்கள் பக்கத்தில் காரப்பேட்டை என்றால் கேன்சர் ஆஸ்பத்திரி. அந்த ஊரில் வேறு என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. அக்கா அவர் சொன்னதில் பின்பாதியை மட்டும் காதில் வாங்கினாள்.

"ஊசி குத்தனா பரவிடும்டி. கத்தி பட்டா அவ்ளோதான். ஆண்டாளம்மா நட்ந்துதான போச்சி? எப்டி வந்துச்சி?"

பக்கத்துத் தெரு ஆண்டாளம்மாள் நோய் முற்றிய பிறகு அங்கே போனவள். அதைச் சொன்னால் அக்கா காதில் ஏறாது. நான் கத்தினேன், அழுதேன், ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். ஒவ்வொரு தடவையும் டாக்டர், காரப்பேட்டைக்குப் போனாயா என்று கேட்பார். நெல் அறுப்பு முடிந்ததும் போகிறேன் சார் என்பாள் அக்கா. அவர் தலையை ஆட்டிக்கொண்டே மறுபடியும் அதே நம்பரை எழுதுவார். அந்தச் சீட்டை ஒரே ஒரு தடவை எழுதாமல் இருந்திருக்கலாம் அல்லவா?

ஆவணி கடைசியில் கட்டி நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. ஒரகடம் கம்பெனியில் வேலை பார்க்கும் சிவகுமார் லீவு போட்டுவிட்டு அம்மாவோடு கிளினிக்குக்கு வந்தான். போனில் ஏதேதோ எடுத்து வைத்துக்கொண்டு டாக்டரிடம் வாதம் செய்தான். நூற்றுக்கணக்கான ஆராய்ச்சிகளை ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள், இந்த உருண்டைக்கும் வெறும் உருண்டைக்கும் வித்தியாசம் இல்லை, இவ்வளவு கரைத்த பிறகு அதில் மருந்தே மிஞ்சாது என்றான். டாக்டர் கோபப்படவில்லை. ஆளுக்கு ஆள் மருந்து மாறும், எல்லாருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்துச் சோதித்தால் எப்படித் தெரியும் என்றார். மாட்டுக்குக் கொடுத்தால் கேட்கிறதே, மாடு என்ன நம்பிக்கையிலா குணமாகிறது என்று கேட்டார்.

"மாடு நம்பல சார். மாட்டுக்காரன் நம்பறான்" என்றான் சிவகுமார்.

டாக்டர் சிரித்துவிட்டு, உன் இளைப்பு எப்படிப்பா நின்றது என்றார். வயசு ஏறினால் பல பிள்ளைகளுக்குத் தானாக நிற்கும் என்று அவன் சொல்லி முடிக்கவில்லை, அக்கா எழுந்து அவன் முதுகில் ஒன்று வைத்தாள். உயிர் கொடுத்தவரிடம் பேசுகிற பேச்சா இது என்று சொல்லி, டாக்டர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அவனை வெளியே தள்ளிக்கொண்டு போனாள். அதோடு அவன் வாதம் முடிந்தது.

புரட்டாசியில் டாக்டர் பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போனார். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், ஆபரேஷன். ஆமாம், இங்கிலீஷ் ஆஸ்பத்திரியில்தான். போனில் கேட்டு நம்பர் சொல்வேன், நீ மருந்து கட்டிக் கொடு என்று சொல்லிவிட்டுப் போனார். நம்பருக்கு என்ன மருந்து என்ற நோட்டு அவரோடு போயிற்று.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. வருஷா வருஷம் டாக்டர் பக்கத்தில் நின்று, அலமாரியைத் தொடாதே, மேசைக்கு மட்டும் பொட்டு வை என்பார். இந்த வருஷம் அவர் இல்லை. அவர் வரும்போது பளிச்சென்று இருக்கட்டும் என்று நான்தான் ஆசைப்பட்டேன். நூற்று இருபது பாட்டிலையும் இறக்கி, ஈரத்துணியால் துடைத்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்துப் பூசணிக்காய் சுற்றினேன். மறுநாள் காலை பார்த்தால் ஒரு பாட்டிலிலும் நம்பர் இல்லை. இங்க் கரைந்து சந்தனத்தோடு நீலமாக வழிந்து போயிருந்தது. வைத்த இடத்தை வைத்தாவது கண்டுபிடிக்கலாம் என்றால், பூஜைக்கு அழகாக இருக்கட்டும் என்று உயரம் பார்த்து அடுக்கியிருந்தேன்.

ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்தேன். எல்லாம் ஸ்பிரிட். டாக்டரிடம் சொல்லப் பயம், வேலை போய்விடும். தப்பான மருந்தைக் கொடுக்கவும் பயம். புள்ளலூரிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்து ஜனங்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் போனில் சொன்ன நம்பருக்கெல்லாம் சரி சார் என்று சொல்லிவிட்டு, காலி உருண்டையில் வெறும் ஸ்பிரிட் நாலு சொட்டு விட்டுக் கொடுத்தேன். நாளைக்கு ஏதாவது வழி பண்ணலாம் என்று நினைத்தேன். அந்த நாளை மூன்று மாசம் ஓடிவிட்டது.

ஒருவர் கூடத் திரும்பி வந்து சண்டை போடவில்லை. அரிப்பு நின்றது, மூலம் தணிந்தது, குழந்தைகளுக்குச் சளி விட்டது. வீராசாமி என்று ஒரு கிழவர், இந்தத் தடவை மருந்து ரொம்ப ஸ்ட்ராங்காக இருக்கிறதம்மா, டாக்டரிடம் சொல்லு என்று வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வந்தார். நான் வாங்கிக்கொண்டேன்.  பதினான்கு வருஷம் என்ன கொடுத்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்து நினைத்து மனசு விட்டுப்போயிற்று.

அக்காவுக்கும் அதே வெறும் உருண்டைதான். கட்டி வளர்ந்துகொண்டே இருந்தது.

தை பிறந்து டாக்டர் வந்தார். முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் அலமாரி முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்த்தார். ஒன்றையும் அவராலும் சொல்ல முடியவில்லை. அப்போ இத்தனை பேருக்குக் கேட்டதே சார் என்றேன். அதெல்லாம் தானாக ஆறுகிற நோய் என்றார். உங்கள் கையால் கொடுத்தபோது ஆறியதும் அப்படித்தானா என்று கேட்டேன். அவர் எழுந்து போய் முகம் கழுவினார். எல்லா பாட்டிலையும் கொட்டச் சொல்லிவிட்டுப் புது மருந்துக்கு ஆர்டர் போட்டார்.

நான்காம் நாள் அக்கா வந்தாள். கட்டி மேல் தோல் வெடித்து நீர் வடிந்தது. பக்கத்தில் உட்கார முடியாத நாற்றம். சிவகுமாரின் ஆராய்ச்சியெல்லாம் எங்கேயோ யாரோ செய்தது, அக்கா நம்பவில்லை. என்னிடம் இருப்பது என் கையாலேயே நடந்தது. கூடப் பிறந்தவள் சொன்னால் நம்பத்தானே வேண்டும் என்று நினைத்தேன். டாக்டரை வைத்துக்கொண்டே சொன்னேன். மூணு மாசமாக இங்கே மருந்தே இல்லை அக்கா, எல்லாருக்கும் சர்க்கரைதான் கொடுத்தேன், எல்லாருக்கும் கேட்டது, அப்படியென்றால் மருந்தில் ஒன்றும் இல்லை, இப்போதே காரப்பேட்டைக்குப் போகலாம் வா, ஆட்டோ நிற்கிறது என்றேன்.

அக்கா என்னையே பார்த்தாள்.

"எனக்கும் வெறும் சக்கரதான் குட்த்தியா?"

"ஆமாக்கா."

"அதான் இப்டி வளந்துகீது."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் முன்னால் போய் நின்றேன். அதற்கு முன்னாலும் வளர்ந்ததே அக்கா, ஆவணியில் நெல்லிக்காய் ஆனதே, அப்போது நிஜ மருந்துதானே சாப்பிட்டாய் என்று கெஞ்சினேன். மருந்து வேலை செய்ய ஆரம்பித்தால் முதலில் கொஞ்சம் ஏறித்தான் இறங்கும் என்று டாக்டர் சொல்வாரே, இறங்கப் போகிற நேரத்தில் நீ நிறுத்திவிட்டாய் என்றாள். அரிப்புக்காரர்களுக்கு டாக்டர் சொல்லுகிற வார்த்தை அது. அக்கா தன் கட்டிக்கு எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கூடப் பொறந்தவடி நானு. ஊர்க்காரனுக்குப் பண்ண மாரி எனக்கும் பண்ணிக்கினு இருந்தியே."

பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, நடுவில் மருந்து நின்றதால்தானே சார் என்று கேட்டாள். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை. என் மருந்து இதற்குக் கேட்காது என்று ஒரு வார்த்தை. கையெடுத்துக் கும்பிட்டேன்.

"இருக்கலாம்மா" என்றார். "எதுக்கும் காரப்பேட்டைக்குப் போயிட்டு வந்துடு."

பாவி மனுஷன்! அந்த இருக்கலாம் போதும் அக்காவுக்கு. முதலிலிருந்து ஒழுங்காகச் சாப்பிட்டால் கேட்கும் என்று கிளம்பிவிட்டாள். அன்றே நான் வேலையை விட்டேன். அக்கா வீட்டு வாசலில் போய் நின்றால் கதவைச் சாத்தினாள். சிவகுமார் எவ்வளவோ மன்றாடினான், மாமா அவள் காலில் விழாத குறை. புது பாட்டில், புது நம்பர், டாக்டர் கையாலேயே கட்டிய மருந்து. வேளை தவறாமல் மூணு மாசம் சாப்பிட்டாள்.

சித்திரையில் மூச்சு விட முடியாமல் விழுந்த பிறகுதான் காரப்பேட்டைக்குத் தூக்கிப்போனார்கள். நுரையீரலுக்குப் போய்விட்டது, ஆறு மாசம் முன்னால் வந்திருந்தாலும் ஏதாவது பண்ணியிருப்போம் என்று சொல்லி, வலிக்கு மட்டும் மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வைகாசியில் ஒரு நாள் காலை அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள். ஓடினேன். கூடம் நிறைய உறவுக்காரர்கள். மாமா தலைமாட்டில், சிவகுமார் கால்மாட்டில். அக்கா எலும்பும் தோலுமாக இருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். எத்தனை மாசமாக நான் ஏங்கிய கை.

"உன்ன மன்னிச்சிட்டேன்டி. உண்மைய மட்டும் ஒரு தபா சொல்லிடு, நான் நிம்மதியா பூடறேன். நீ ஒயுங்கா மருந்து குட்த்து இருந்தா நான் பொயச்சி இருப்பன் இல்ல?"

இல்லை அக்கா, ஆனியிலேயே நீ ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாய் என்று சொல்லியிருக்க வேண்டும். சாகப்போகிறவளிடம் எப்படிச் சொல்வது? உன் சாவுக்கு நீதான் காரணம் என்று சொல்லி அனுப்ப என்னால் முடியவில்லை.

"ஆமாக்கா" என்றேன். "நான் ஒயுங்கா குட்த்து இருந்தா நீ பொயச்சி இருப்ப."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். என் தலையைத் தடவினாள். கூடத்தில் இருந்த எல்லாரும் அதைக் கேட்டார்கள். அன்று சாயங்காலம் போய்விட்டாள்.

மறுநாள் பாலாற்றங்கரையில் கொள்ளி வைத்துவிட்டு, மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக சிவகுமார் வீட்டுக்கு வந்தான். அவனிடமாவது நிஜத்தைச் சொல்லலாம், அவனுக்குத் தெரியாததா என்று அவன் பக்கத்தில் போனேன்.

"இன்னா சித்தி, மருந்து குட்க்காம இப்டி பண்ணிட்ட" என்றான்.