விட்டு வாசித்த பக்கங்கள்

எனக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவள் ஊசி. அவளுக்கு ஊசி என்று பெயர் வைத்தவள் நான். ஆள் ஒல்லி, பேச்சு குத்தும்; இரண்டுக்கும் சேர்த்து ஒரே பெயராக வைத்துவிட்டேன். ஒரு சட்டைக் கம்பெனியின் பின்னறையில் எட்டு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் நாங்கள். அதை விட்டு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நடுவில் கல்யாணம், சாவு என்று நாலைந்து தடவை பார்த்திருப்போம், அவ்வளவுதான். அந்த ஊசி போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கக்கத்தில் ஒரு தடித்த புத்தகம். முகத்தில் மருந்துக்குக்கூடச் சிரிப்பு இல்லை.

"உள்ள வரட்டுமா அக்கா, இல்ல இங்கயே நின்னு சண்டை போடட்டுமா?" என்றாள்.

எனக்கும் சண்டை போட ஆள் கிடைக்காமல் வாய் நமநமத்துக்கொண்டுதான் இருந்தது. மருமகள் நல்லவள், எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டாள்; அவளோடு என்ன சண்டை போடுவது. உள்ளே வா, உட்கார்ந்தே போடலாம் என்றேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் புத்தகத்தை மேஜை மேல் வைத்து என் பக்கம் திருப்பினாள். அட்டை புதுசு. ஆனால் பெயரைப் படித்ததும் எனக்கு நெஞ்சு பக்கென்றது. எங்கள் படகுக்காரியின் கதை.

அந்தக் கதையைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் பின்னறையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கம்பெனியின் முன்பக்கம் முழுக்க மெஷின்கள், ஒரே இரைச்சல். பின்னறையில் கைவேலை மட்டும்தான். பட்டன் தைக்கிறவர்கள் இரண்டு பேர், நூல் பிசிறு வெட்டுகிறவர்கள் இரண்டு பேர், காஜா எடுக்க ஊசி. பட்டன் நுழைகிற ஓட்டையைச் சுற்றி அவள் நூல் கட்டினால் மெஷின் தோற்றுப்போகும். கோடியில் இஸ்திரிப் பெரியம்மா. சத்தம் கிடையாது, பேச்சுக்குத் தடை கிடையாது. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பழைய பேப்பர் கடையில் வாங்கிய ஒரு நாவலை நான் உரக்க வாசிக்கப்போக, அன்று சாயங்காலமே ஒரு ஏற்பாடு முடிவாகிவிட்டது. தினமும் மதியத்துக்கு மேல் ஒரு மணி நேரம் நான் வாசிக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்கான என் பிசிறு வேலையை மற்றவர்கள் பங்கு போட்டு வெட்டிவிடுவார்கள். நான் ராணி மாதிரி காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த மாதிரி ஒரு காலம் எனக்கு அப்புறம் வரவே இல்லை.

எட்டு வருஷத்தில் எத்தனை நாவல் வாசித்தேனோ, கணக்கு வைக்கவில்லை. படகுக்காரியை மட்டும் மூன்று தடவை வாசித்தோம். அவளை அவர்கள் கதையில் வருகிறவள் என்றே நினைக்கவில்லை. அவள் மழையில் நனைந்த பக்கத்தோடு ஒரு நாள் நிறுத்திவிட்டேன். மறுநாள் காலையில் பெரியம்மா செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் கேட்ட முதல் கேள்வி, அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் விட்டதா என்பதுதான். பட்டன்காரிகளில் ஒருத்தி தன் மாமியாரிடம் படகுக்காரி பேசுகிற மாதிரி பேசிப் பார்த்து இரண்டு நாள் வீட்டில் சோறு தண்ணியில்லாமல் கிடந்தாள். ஊசிக்கு எழுத்தே தெரியாது. ஆனால் யார் எந்தப் பக்கத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் ஒரு எழுத்து பிசகாமல் சொல்வாள். எங்களில் படகுக்காரியின் மேல் உயிரையே வைத்திருந்தவள் அவள்தான். வேலை முடிந்து தெருவில் நடக்கும்போதுகூட படகுக்காரியாக இருந்தால் இப்போது என்ன செய்திருப்பாள் என்று கேட்டுக்கொண்டே வருவாள்.

கதை பெரிய கதையில்லை. ஆற்றில் படகு ஓட்டுகிற ஒரு பெண். அவளைச் சுற்றிச் சுற்றி வருகிற ஒரு பாட்டுக்காரன். துறையில் டிக்கெட் கிழிக்கிற ஒருவன். பாட்டுக்காரன் வாயைத் திறந்தால் தேன் ஒழுகும். அவன் பேச்சை நான் குழைந்து குழைந்து வாசிப்பேன், பட்டன்காரிகள் பெருமூச்சு விடுவார்கள். டிக்கெட்காரன் கதை முழுக்கப் பேசியது இருபது வார்த்தை இருக்கும். நேரமாச்சு, கிளம்பு, ஏறு, இறங்கு. நான் அவனுக்கென்று ஒரு கரகரத்த குரல் வைத்திருந்தேன். அந்தக் குரல் வந்தாலே எல்லோரும் சேர்ந்து அவனைத் திட்டுவார்கள். கடைசிப் பக்கத்தில் பாட்டுக்காரன் போய்விடுகிறான், டிக்கெட்காரன் நேரமாச்சு என்கிறான், படகுக்காரி வருகிறேன் என்கிறாள். அதோடு கதை முடிகிறது. கடைசி வரைக்கும் அந்தப் பாவி அவளை விரட்டியே கொன்றான் என்று மூன்று தடவையும் அழுதோம். ஒருமுறை பெரியம்மாவின் கண்ணீர் விழுந்த காலரைத் திரும்ப இஸ்திரி போட வேண்டியிருந்தது.

இதையெல்லாம் நினைத்து நான் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஊசி புத்தகத்தைத் திறந்தாள். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு நூல் துண்டு வைத்திருந்தாள்.

இரண்டு வருஷமாக முதியோர் வகுப்புக்குப் போகிறாளாம். எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததும் வாங்கிய முதல் புத்தகம் இது. நாலு மாசம் விரல் வைத்து, வரி வரியாகப் படித்து முடித்திருக்கிறாள். கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் என்று கையை நீட்டினேன், அவள் தள்ளிவிட்டாள்.

"நூல் வச்ச இடமெல்லாம் நீ வாசிக்காம விட்ட இடம். முப்பத்தேழு இடம். எல்லாத்துலயும் டிக்கெட்காரன் இருக்கான்."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. யார் விடச் சொன்னது? வர்ணனை வந்தாலே விடு விடு, பேச்சுக்கு வா என்று கத்தியது யார்? இருப்பது ஒரு மணி நேரம். ஆறு எப்படி ஓடியது, வானம் என்ன நிறத்தில் இருந்தது என்று வாசித்தால் அடிக்க வருவீர்களே என்று ஒரு பிடி பிடித்தேன். அவள் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். கத்தியது நாங்கள்தான் என்றாள். பிறகு மெதுவாக ஒன்று சொன்னாள்.

"நாங்க விடச் சொன்னோம். ஆனா அங்க என்ன இருந்துச்சுன்னு உனக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாதே அக்கா."

எனக்கும் தெரியாது என்பதை எப்படிச் சொல்வேன். வர்ணனை வந்தால் என் கண் பேச்சு இருக்கிற வரியைத் தேடிக் கீழே ஓடிவிடும். நடுவில் இருந்ததை நான் பார்த்ததே இல்லை. அவ்வளவு வாசித்தேன் என்று பெருமை பேசுகிறவள், மூன்று தடவை வாசித்த புத்தகத்தை ஒரு தடவைகூட முழுசாகப் படிக்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கிறவளுக்கு எதை விடலாம் என்று தெரியாது. அதனால் அவள் எல்லாவற்றையும் படித்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது, அதைச் சொல்லியும் விட்டேன்.

அவள் அதற்குச் சமாதானம் ஆகவில்லை. கட்டிங் மாஸ்டரை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள்.

எப்படி மறக்கும். துணியை வெட்டிக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து எங்கள் அறை வாசலில் வைத்துவிட்டுப் போவார். காதில் சாக்பீஸ் துண்டு செருகியிருக்கும், வாயில் பேச்சு இருக்காது. ஒருநாள் அவர் இஸ்திரிப் பெரியம்மா மூலமாக ஊசியைப் பெண் கேட்டுவிட்டார். அறையே குலுங்கியது. அது நாங்கள் படகுக்காரியை இரண்டாவது தடவை வாசித்துக்கொண்டிருந்த மாசம். அந்த டிக்கெட்காரன் மாதிரி ஆளோடு யார் குடித்தனம் பண்ணுவது, காலையில் எழுந்தால் நேரமாச்சு என்பார், ராத்திரி படுத்தால் நேரமாச்சு என்பார் என்று ஊசி சொன்னாள். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். நான் அந்தக் கரகரத்த குரலில் நேரமாச்சு என்று சொல்லிக் காட்டினேன். பெரியம்மா அப்படியே போய்ச் சொல்லிவிட்டார். மாஸ்டர் அந்த மாசக் கடைசி வரை கட்டுகளைக் கொண்டுவந்து வைத்தார், பிறகு வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டார்.

ஊசி பேசுகிற ஆளைத்தான் கட்டிக்கொண்டாள். நாலு வருஷத்துக்கு முன் தவறிப்போனார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன் என்றாள். அவளுக்கு விஷக்காய்ச்சல் வந்து இருபது நாள் படுத்திருந்தபோது, உனக்கு ஒன்று என்றால் நான் தாங்கமாட்டேன் என்று தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டே பேசினாராம். ஒரு டம்ளர் வெந்நீர் வைத்துக் கொடுக்க மட்டும் அவருக்குத் தோன்றவில்லையாம். அதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது, எனக்கு வரவில்லை.

"நீ வாசிச்ச டிக்கெட்காரன் ஒருத்தன். புத்தகத்துல இருக்கறவன் வேற ஒருத்தன். மாஸ்டர் இதுல யாரு? நான் யாரை வேண்டாம்னு சொன்னேன்? நாலு மாசமா இதே நினைப்புதான் அக்கா. இனிமே அவரைத் தேடிப் போய் ஒண்ணும் ஆகப்போறதில்ல. எனக்குத் தெரியணும், அவ்வளவுதான்."

ஜென்மத்தில் முதல் தடவையாக ரேடியோ நின்றுபோனது. மருமகள் எட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் நின்றுவிட்டதே என்று பயந்தோ என்னவோ, இரண்டு டம்ளர் காப்பி வைத்துவிட்டுப் போனாள்.

ஊசி காப்பியைக் குடித்துவிட்டு, நூல் வைத்த ஒரு பக்கத்தை எடுத்து நீட்டினாள். வாசி என்றாள். தானே படித்தால் எழுத்துதான் தெரிகிறதாம், ஆள் வரமாட்டேன் என்கிறானாம். என் குரலில் கேட்டால்தான் வருவானாம். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். கரகரத்த குரல் தேவைப்படவில்லை, அந்தப் பக்கத்தில் அவன் பேசவே இல்லை.

'துறையில் விளக்கு கரையைப் பார்த்து இருந்தது. ஏறுகிறவர்களுக்கு அது போதும். அக்கரையிலிருந்து தனியாகத் திரும்புகிறவளுக்கு அதனால் பயன் இல்லை என்பதை அவன் கவனித்தான். கொட்டகையைப் பூட்டிய பிறகு விளக்கை ஆற்றின் பக்கம் திருப்பி வைத்தான். படகு கரை தட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் வீட்டுக்கு நடந்தான். ஆறு மாதமாக அவள் அந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் துடுப்புப் போட்டாள். அதை யார் திருப்பியது என்று அவளுக்குக் கேட்கத் தோன்றியதில்லை.'

அதற்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை. எனக்கு எங்கள் பின்னறை பல்பு ஞாபகம் வந்துவிட்டது.

ஊசி உட்கார்ந்த மூலையில் வெளிச்சம் போதாது. கறுப்புத் துணி வந்தால் காஜா எடுக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டும், துணியை மூக்குக்கிட்டக் கொண்டுபோவாள். ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால் நடுவில் தொங்கின பல்பு நீள ஒயரில் அவள் தலைக்கு மேல் வந்து இறங்கியிருந்தது. முதலாளிக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் கூடச் சேர்ந்து பேசினேன். ஆனால் அன்று காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்தவள் நான். ஸ்டூல் மேல் ஏறி நின்று ஒயரை முறுக்கிக்கொண்டிருந்த ஆளை என் கண்ணால் பார்த்தேன். என்னைப் பார்த்ததும் அவர் கூச்சத்தோடு இறங்கினார். கண் கெட்டுவிடும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் பெண் கேட்டது அதற்கு மூன்று மாசம் கழித்து.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைக்கவும் இல்லை. படகுக்காரியை முதல் தடவை வாசித்துக்கொண்டிருந்த சமயம், அன்று மதியம் பாட்டுக்காரன் திரும்பி வருகிற இடம். என் புத்தி முழுக்க அதில் இருந்தது. ஒரு ஆள் ஸ்டூலில் ஏறி பல்பை இறக்கினான் என்பதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது. அதையும் விட்டுவிட்டேன்.

ஊசி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் அவளுக்கு வலிக்கும். சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. அவள் கேட்டு வந்த பதில் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது, முப்பது வருஷத்துக்கு மேலாக இருக்கிறது.

"ஊசி, நான் விட்டது முப்பத்தேழு இடம் இல்லடி. இன்னொண்ணு இருக்கு. அது இந்தப் புத்தகத்துல இல்ல" என்றேன். "உன் தலைக்கு மேல ஒரு பல்பு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

எட்டு வருஷம் நான் எதை வாசித்தாலும் அவள் கை காஜா எடுத்துக்கொண்டேதான் இருக்கும். அந்தக் கைகள் இரண்டும் இப்போது மடியில் சும்மாக் கிடந்தன. பிறகு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மெதுவாச் சொல்லு அக்கா," என்றாள். "ஒண்ணையும் விடாதே."