பன்னிரண்டு சிவப்புப் புள்ளிகள்

சமையலறை மேசைக்குப் பின்னால், கிரீஸ் கறை படிந்த வேலைச் சட்டையின் மேல் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணத்துக்குப் பிறகு அந்த டை பீரோவை விட்டு வெளியே வந்ததே இந்த மாதம்தான். மகளின் பள்ளிச் சேர்க்கைத் தேர்வுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அதுவரை தினமும் மாலை அவன்தான் தலைமை ஆசிரியர்.

கதவு இரண்டு முறை மெல்லத் தட்டப்பட்டது.

"உள்ளே வரலாமா?"

"வாங்க, உட்காருங்க. எப்படி இருக்கீங்க?"

"நலமாக இருக்கிறேன். நன்றி," என்றாள் மூன்றே முக்கால் வயதுச் சிட்டு. நாற்காலியில் ஏறி உட்கார்ந்ததும் அவள் இடது கை காதுக்குப் போனது.

மெக்கானிக் எழுந்து, ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த அட்டையில் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைத்தான். பக்கத்தில் தேதியையும் 'காதைத் தொட்டாள்' என்பதையும் எழுதினான். லிஃப்ட் சர்வீஸ் அட்டையில் தேதியும் கோளாறும் எழுதிப் பழகிய கை அது, பிள்ளைக்கு மட்டும் வேறு மாதிரியா எழுதும்? அழுதால் ஒரு புள்ளி, 'தெரியாது' என்றால் ஒரு புள்ளி, முகத்தில் கை வைத்தால் ஒரு புள்ளி. புள்ளி விழுந்தால் அன்றைக்கு அவளுடைய துணிப் பொம்மை அலமாரி உச்சிக்குப் போய்விடும்.

அவன் கெட்டவன் இல்லை. பெரிய பெரிய கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். அந்தப் பள்ளியின் சீருடைப் பிள்ளைகள் அவன் மேல் பட்டுவிடாமல் ஒதுங்கி லிஃப்டில் ஏறுவதைப் பத்து வருடமாகப் பார்க்கிறான். தன் மகளும் அப்படி ஏற வேண்டும் என்ற ஒரே ஆசை. நாற்பது இடத்துக்கு அறுநூறு பேர் விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

துணிக்கடை வேலை முடிந்து வந்த மனைவி அட்டையைப் பார்த்தாள். "தினமும் காதைத்தான் தொட்டிருக்கா. சளி பிடிச்சிருக்குல்ல, டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாமா?"

"அது சளி இல்ல. கேள்வி கேட்டா வர்ற பயம். நீ செல்லம் கொடுத்தா அங்க போயும் இப்படித்தான் காதைச் சொறிஞ்சுக்கிட்டு உட்காருவா. அப்புறம் இடம் எங்க கிடைக்கும்?"

அவளும் அதோடு விட்டுவிட்டாள். நாள் முழுக்க நின்ற கால் வலி ஒரு பக்கம். அந்தப் பள்ளி மேல் அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை என்பது இன்னொரு பக்கம். சளிக்கு வீட்டில் இருந்த மருந்தை ஒரு மூடி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டாள். அட்டையைப் போட்டோ எடுத்துத் தங்கைக்கு அனுப்பவும் மறக்கவில்லை. 'உங்க மாமா பாடம் நடத்துற அழகைப் பாரு.'

இரண்டாவது வாரத்தில் காதுக்குப் போகும் கை நின்றுவிட்டது. மெக்கானிக்கின் கால் தரையில் நிற்கவில்லை. சிட்டு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேல் அழுத்தி உட்காரப் பழகியிருந்தாள். அதற்கும் சேர்த்து ஒரு சபாஷ் கொடுத்தான்.

தேர்வு நாளன்று சிட்டு ஒரு பிசகும் செய்யவில்லை. இடப் பக்கம் உட்கார்ந்து தலைமை ஆசிரியை கேட்ட முதல் கேள்வி அவளுக்கு எட்டவில்லை. உடனே தலையைத் திருப்பி வலது காதை அந்தம்மா பக்கம் நீட்டிக்கொண்டாள்.

"எவ்வளவு கவனமாக் கேட்கிறா பாருங்க," என்றார் தலைமை ஆசிரியை. "இந்த வயசுல இப்படி ஒரு பிள்ளையை நான் பார்த்ததே இல்ல."

இடம் கிடைத்துவிட்டது. வழியெல்லாம் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தான்.

மறுநாள் காலை சிட்டுவின் தலையணையில் சீழும் ரத்தமும் இருந்தன. உடம்பு கொதித்தது. மகளைத் தூக்கிக்கொண்டு காது மருத்துவரிடம் இருவரும் ஓடினார்கள்.

"ரொம்ப வலிக்குதாடா கண்ணா?" என்று கேட்டார் அந்த மருத்துவர் அம்மாள்.

சிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நலமாக இருக்கிறேன். நன்றி."

மருத்துவர் கையிலிருந்த கருவியைக் கீழே வைத்தார். "எத்தனை நாளா இவ காதைத் தொடறா?"

மனைவிதான் போனை எடுத்து அந்தப் போட்டோவைத் தேடி வாசித்தாள். "ரெண்டாம் தேதி, காதைத் தொட்டாள். மூணாம் தேதி, காதைத் தொட்டாள். நாலாம் தேதி, ரெண்டு தடவை..." மருத்துவர் போனை வாங்கி மீதியைத் தானே படித்தார். பன்னிரண்டு புள்ளிகள்.

"இவ்வளவு சுத்தமா நோய்க் குறிப்பு எழுதிக் கொண்டுவந்த அப்பாவை நான் பார்த்ததில்ல," என்றார். "இதைப் புரிஞ்சுக்க டாக்டருக்குப் படிச்சிருக்க வேண்டாம் சார். பக்கத்துல உட்கார்ந்து பார்த்திருந்தா போதும்."

செவிப்பறை கிழிந்திருந்தது. சீழ் உள்ளே எலும்பு வரை இறங்கியிருந்தது. அறுவை சிகிச்சை செய்தாலும் அந்தக் காது முழுசாகத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார். மூன்று மாடிக்கு அந்தப் பக்கம் மோட்டார் முனகினாலும் இன்ன இடத்தில் கோளாறு என்று சொல்கிறவன் அவன். கம்பெனியே அவன் காதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும். அதை நினைத்தபோது அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மறுநாள் மருத்துவமனைக் கட்டிலில், காதில் கட்டோடு உட்கார்ந்திருந்த மகள் முன்னால் அவன் மண்டியிட்டான்.

"அம்மாடி, வலிக்குதா? அப்பாகிட்ட சொல்லு."

சிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "என்ன சொல்லணும்ப்பா?"

அவன் கட்டில் விளிம்பில் முகத்தைப் புதைத்து அழுதான். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தது அவனுக்கு உறைக்கவில்லை.

"பள்ளிக்கூடம் கேட்கப்போற எல்லாத்துக்கும் பதில் சொல்லிக் கொடுத்தேன்," என்றான் மனைவியிடம். "வலிச்சா அப்பாகிட்ட வந்து அழலாம்னு சொல்லிக் கொடுக்கல. மூணு வயசுல அதைவிடப் பெரிய பாடம் எது இருக்கு?"

அவள் மகளின் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"அதை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லைங்க. பிறக்கும்போதே அதை மட்டும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் வந்தா. நாமதான் சேர்ந்து அதை மறக்கடிச்சோம்."