பாதி அழுத்திய பிளக்

1

இந்தக் கதை மார்லிஸ் ஹோஃப்ஸ்டாட் கேட்டு வந்தது. மோட்டாரின் வேகக் கட்டுப்படுத்தியை, ரிமோட்டின் சமிக்ஞையை வாங்கும் ரிசீவரோடு இணைப்பது எப்படி என்று, சின்ன மாதிரி விமானங்கள் கட்டிப் பறக்கவிடும் எங்கள் சங்கத்தின் மாதமடலுக்கு நான் ஒரு பக்கம் எழுத வேண்டுமாம். "கார்வின் எழுதினாத்தான் புரியும்" என்று தலைவர் டுவைட்டிடம் சொன்னாளாம். உட்கார்ந்தேன். வந்தது வேறு.

2

முதல் தொடக்கம்: "கட்டுப்படுத்தியிலிருந்து மூன்று கம்பிகள் ஒரே பிளக்கில் வந்து ரிசீவரில் சேரும். ஒன்று மோட்டாருக்கான கட்டளையைக் கொண்டுபோகும். மற்ற இரண்டும் ரிசீவருக்கே மின்சாரம் தரும். எனவே பிளக் கழன்றால் மோட்டார் மட்டுமல்ல, விமானம் முழுவதும்..."

[இங்கே நிறுத்திவிட்டேன்.]

இரண்டாம் தொடக்கம்: "வென்டல் என்றொருவன் இருந்தான். பொறாமைக்காரன்." அவனுக்கு மெல்லிய மீசையும் கோணல் சிரிப்பும் கொடுத்தேன். நான்கு பத்தி ஓடினான். ஆனால் அவ்வளவு கெட்டவன் இத்தனை சின்னக் காரியத்தோடு நின்றிருக்க மாட்டான். அடித்துவிட்டேன். மீசையில்லாத என்னை வைத்தே சொல்கிறேன்.

3

மார்லிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். சங்கத்தில் சேர்ந்து இரண்டே வருடம். பனிக்காலம் முழுக்கச் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒரு மஞ்சள் விமானம் கட்டினாள். அதன் இறக்கையில் ஒட்டிய மஞ்சள் தாளில் ஒரு சுருக்கம்கூடக் கிடையாது. நான் தேடிப் பார்த்தேன்.

கோடை விழாவில் முதலில் பறப்பது பத்தொன்பது வருடமாக என் விமானம். இந்த வருடம் அவளுடையது என்று அறிவித்தார்கள். டுவைட் தன் மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்திலிருந்து அவள் பக்கம் போனான். போகிறபோது, "உன்னோடத இனிமே கண்ணாடிப் பெட்டியில வச்சிடலாம், கார்வின்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

(சிரித்தது எவ்வளவு வலித்தது என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். என்மேல் இரக்கம் வரும்படி இருந்தது. எடுத்துவிட்டேன்.)

பறக்கவிடுமுன் மார்லிஸ் விமானத்தை என்னிடம் கொண்டுவந்தாள். "ஒரு தடவ பாத்துடுங்க. நீங்க பாத்தாத்தான் எனக்குத் தைரியம்."

மூடியைத் திறந்தேன். பிளக் பாதிதான் உள்ளே போயிருந்தது. கட்டைவிரலால் ஒரு அழுத்து, அவ்வளவுதான் வேலை.

"எல்லாம் சரியா இருக்கு" என்று மூடினேன்.

இரண்டு வட்டம் அழகாகச் சுற்றியது. மூன்றாவதில் மோட்டார் நின்றது. அவள் ரிமோட்டின் குச்சிகளை இழுத்துக்கொண்டே இருந்தாள், வால்கூட அசையவில்லை. விமானம் பக்கத்துச் சோயா வயலில் மூக்கு தரையில் குத்த விழுந்தது. பிளக் தொங்குவதை டுவைட்தான் கண்டான்.

"நான்தான் சரியா அழுத்தல" என்றாள் மார்லிஸ். இறக்கைத் துண்டுகளைப் பொறுக்க அவளோடு நானும் குனிந்தேன். அப்போது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அதை மறைத்தால் இத்தனை எழுதியதும் வீண்.

4

முடிவுகள் இரண்டு யோசித்தேன். ஒன்றில் அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன், அவள் மன்னிக்கிறாள். மன்னிப்பாள் என்று நான் எப்படி எழுதுவது? மற்றொன்றில் அவளே கண்டுபிடிக்கிறாள். அது எனக்கு வசதி. நான் வாய் திறக்க வேண்டாம்.

இன்று காலை அவள் போன் செய்தாள். "மடல்ல உதாரணத்துக்கு என் பேரையே போட்டுடுங்க கார்வின். இதுல வெக்கப்பட என்ன இருக்கு?"

போட்டேன்: "மார்லிஸ் பிளக்கைச் சரியாக அழுத்தவில்லை." இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அடுத்த வாக்கியம் யார் பெயரில் தொடங்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எழுதிவிடுங்கள். நான் தடுக்க மாட்டேன்.