ரிலீவர் வந்தாச்சு

குழந்தைவேலுக்கு மூன்று மாதமாக ஷிப்டு முடியவேயில்லை. மகள் திலகவதியின் குவார்ட்டர்ஸில், முன்னறைக் கட்டிலில் படுத்தபடியே, திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் மண் வெட்டும் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். ரிட்டையர் ஆகிப் பல வருஷம் ஆயிற்று என்று யார் போய் அவரிடம் சொல்வது? மின்விசிறி சுற்றினால், வெட்டிய மண்ணையும் கரியையும் கொண்டுபோகிற பெல்ட் ஓடுகிறது என்பார். ஜன்னலில் வெயில் இறங்கினால் மண் சரிகிறது என்பார்.

"ரிலீவர் வந்துட்டானாம்மா?"

ஓடுகிற மிஷினை விட்டுவிட்டு யாரும் எழுந்து போக முடியாது. ரிலீவர் என்கிற அடுத்த ஷிப்டுக்காரர் வந்து உட்கார்ந்தால்தான் வீடு. அவர் வராவிட்டால் இருப்பவரே ஓட்ட வேண்டியதுதான்.

திலகவதி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் வரலப்பா. நீங்களே பாத்துக்குங்க" என்பாள். உடனே கஞ்சிக்கு வாயைத் திறப்பார், மாத்திரையை விழுங்குவார். டாக்டர் கைவிரித்த உடம்பு இந்தப் பொய்யில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஏமாற்றுகிறோமே என்று அவளுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. அப்பாவை வைத்துக்கொள்ள வேறு வழி தெரியாதவள் என்ன செய்வாள்?

ஆனால் இந்த வாரம் கஞ்சி இறங்கவில்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் மல்லுக்கட்டினார். கண்ணை மட்டும் மூட மாட்டேன் என்றார். மிஷினில் உட்கார்ந்து தூங்கலாமா?

முதல் ஷிப்டு முடிந்து வந்த அவள் கணவன் விஜயராஜ், சட்டைகூட மாற்றாமல் கட்டிலோரம் நின்றான். அவனும் மைன்ஸில் மிஷின் ஓட்டுகிறவன்.

"ரிலீவர் வராம ஒக்காந்துகினு இருந்தா எப்பிடி இருக்கும்னு ஒனக்குத் தெரியாது திலகா. கை பாட்டுக்கு ஓட்டும், மனசு வூட்டுக்குப் போயிடும். அழுகையே வரும். பாவம், மாமாவ வுட்டுடு."

"ஒங்க அப்பாவா இருந்தா வுடுவீங்களா?" என்று சீறினாள். அவன் குழாயடிக்குப் போய்விட்டான்.

மத்தியானம் அறைக்குள் தேங்கிக் கிடந்தது. மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கும் எங்கோ பெல்ட் ஓடுவது கேட்டது. சுவர்கள் விலகின. தரை படிப்படியாகக் கீழே இறங்கியது. பழுப்பு வெளிச்சத்தில் மண்ணும் கரியும் கட்டிலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. அத்தனைக்கும் மேலே, உயரத்தில், அப்பா ஒற்றையாக உட்கார்ந்திருந்தார். எவ்வளவு களைத்திருந்தார்! யாராவது வர மாட்டார்களா என்று ஏணியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஏறிப் போனாள்.

"அப்பா, ரிலீவர் வந்தாச்சு. நான்தான். நீங்க கெளம்புங்க."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "பொம்பளப் புள்ளைய அனுப்பிட்டானுங்களா? சரி சரி. பெல்ட்டு ஒரு பக்கமா ஒதுங்குது, பாத்துக்க."

"பாத்துக்கறேன்பா."

"சாப்ட்டு வந்தியா?"

"சாப்ட்டேன்பா."

"அப்ப சரி." கண்ணை மூடிக்கொண்டார்.

திலகவதி காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பொய் சொல்லி வைத்துக்கொண்டவளுக்கு, பொய் சொல்லி வழியனுப்ப மனம் வரவில்லை. அடுக்களைக்குப் போய், ஆறிய சோற்றில் குழம்பை ஊற்றி எடுத்து வந்து கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள். இடது கையில் அப்பாவின் கை. அழுகையும் சோறும் ஒன்றாகவே தொண்டையில் இறங்கின. அவருடைய மூச்சு இப்போது அவசரமில்லாமல், சாவகாசமாக வந்து போனது. கடைசிக் கவளத்தை அவள் விழுங்கியபோது அந்தக் கையில் அப்பா இல்லை.